மடியில் இருந்த போன்

மடியில் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் கணவனின் போன் கிடக்க, அதிலிருந்தே ஜெயசித்ராவுக்கு மெசேஜ் வந்தது. 'ஏட்டி, நிமிர்ந்து பாரு.'

சீசன் கூட்டத்தில் குற்றாலத்து நெட்வொர்க் திணறும். எப்போதோ அனுப்பியது இப்போது வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பாவூர்சத்திரத்திலிருந்து காலையிலேயே வந்திருந்தார்கள். அவளுக்குச் சளி என்பதால் அருவிக்கு எதிரே படியில் குடையோடு உட்கார்ந்து துணிகளையும் போனையும் காத்துக்கொண்டிருந்தாள். கணவன் மணிகண்டபிரபு ஏழு வயது மகள் செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு குளிக்கப் போனான். பிள்ளை அங்கிருந்து கையாட்டும், கொஞ்சம் பார் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவளும் பார்த்தாள், ஒரு போட்டோ எடுக்கும் வரை. அதை ஸ்டேட்டஸில் போட்டதும் எந்த லாட்ஜ், தண்ணீர் எப்படி என்று பாதி ஊர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. பதில் சொல்லாவிட்டால் மண்டைக்கனம் என்பார்கள். காதில் பாட்டு, குடைமேல் சாரல், அடைத்த மூக்கிலும் ஏறும் நல்லெண்ணெய் வாடை என்று நேரம் சுகமாகப் போனது.

கவரை அவிழ்த்தாள். அவன் போன் அணைந்து கிடந்தது. அதைக் கையில் பிடித்திருக்கும்போதே அதிலிருந்து அவள் போனுக்கு ஒரு படம் வந்தது.

படத்தில் அவள்தான். அருவிப் பக்கமிருந்து எடுத்தது. குனிந்த தலை. பின்னால் எல்லோரும் படியேறி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

காதில் இருந்ததைப் பிடுங்கினாள். சைரன். போலீஸ் விசில். நிமிர்ந்தாள். குளிக்கும் இடத்தில் ஆளே இல்லை. செந்நிற வெள்ளம் மரக்கிளைகளோடு விழுந்தது. மேலே சாலையில் கூட்டம் போன்களைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. அதில் பிரபு இல்லை. செல்வி இல்லை.

படியின் உச்சியில் நின்ற ஒருவன் வீடியோவை நிறுத்தாமலே சொன்னான்.

"அக்கா, மேல வாங்க. ஒரு அப்பனையும் பிள்ளையையும் தண்ணி இழுத்துட்டுப் போயிட்டு. அந்தப் பிள்ள எம்மா எம்மான்னு கத்துச்சு."

எழ முயன்றாள். கையில் அவள் போன் அதிர்ந்தது. குரல் பதிவு. தானாகவே ஓடியது.

"எம்மா, எத்தன மட்டம் கூப்புடுதேன். நீ பாக்கவே மாட்டுக்க."

இன்னொரு படம். இதே படி. நடுவில் அவள். இரண்டு பக்கமும் சொட்டச் சொட்ட நனைந்த இருவர், குடைக்குள் தலையை நீட்டி, அவள் போனையே பார்த்துக்கொண்டு.

குடை விரிந்துதான் இருந்தது. ஆனால் இரு தோள்களிலும் நீர் சொட்டியது.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. முடியவில்லை. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய சின்ன விரல் ஒன்று குறுக்கே நீண்டது. திரையை மெல்லத் தள்ளி அடுத்த படத்தைக் காட்டியது.