அட்டையின் கடைசி இரண்டு எண்கள்

“நாலா? அப்போ வீட்டுல ரெண்டு வாண்டுங்க இருக்குன்னு சொல்லுங்க!”

“இல்லையே. நானும் அவரும் மட்டும்தான்.”

“கார்டு அப்படிச் சொல்லலையே. இங்க பாருங்க, கடைசி ரெண்டு எண். இன்சூரன்ஸ் யார் பேர்ல இருக்கோ அவருக்குப் பூஜ்யம் ஒண்ணு. பொண்டாட்டிக்குப் பூஜ்யம் ரெண்டு. அப்புறம் பிள்ளைங்க, வரிசையா. உங்களுக்குப் பூஜ்யம் நாலு. நடுவுல ரெண்டு பேரை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

மூன்று வாரத்துக்கு முன்னால், டுலூத் நகரத்துக் கிளினிக்கில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த பருமனான பெண்மணி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ட்ரூடியும் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி சிரித்தாள்.

“கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்.”

“கம்ப்யூட்டர் ஒரு தடவை கொடுத்த எண்ணை இன்னொருத்தருக்குக் கொடுக்காது, கண்ணு. ஆள் போனாலும் எண் போகாது.”

மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அதே பெண்மணி எழுந்து வந்து, தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னாள். உள்ளே ட்ரூடி என்ன பேசினாள் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்ததோ என்னவோ.

“இன்னிக்கு எங்க வந்தீங்க, யாரைப் பாத்தீங்க, எதுக்குன்னு ஒரு தாள் வீட்டுக்கு வரும். உங்க பேருக்கு இல்ல, உங்க வீட்டுக்காரர் பேருக்கு. வேண்டாம்னா கம்பெனிக்குப் போன் பண்ணி வேற விலாசம் கேக்கலாம். ஆனா உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லணும். அங்க அனுப்பினா எனக்கு ஆபத்துன்னு. அது போதும். ஏன் எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

அந்த ஒரு வார்த்தையைத்தான் ட்ரூடியால் சொல்ல முடியவில்லை. காரில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். கணவன் வெண்டெலைப் பற்றி அப்படி எப்படிச் சொல்வது? குளிர் இரவுகளில் அவள் படுக்கும் பக்கத்தில் முதலில் தான் படுத்துச் சூடாக்கிவிட்டு நகர்ந்துகொள்கிறவன். ஆரஞ்சுப் பழத்தை ஒரு நார் விடாமல் உரித்து, சுளை சுளையாகத் தட்டில் அடுக்கித் தருகிறவன். எல்லாவற்றையும் நேரத்துக்கு முன்பே முடிப்பவன். வரிப் படிவம் ஜனவரியில் போய்விடும். ஜன்னல்களுக்குக் குளிர்காலக் கண்ணாடி செப்டம்பரிலேயே ஏறிவிடும்.

அப்படிப்பட்டவன் நிலவறைப் படிக்கட்டின் மூன்றாம் பலகையை மட்டும் ஐந்து வாரமாக அப்படியே விட்டு வைத்திருந்தான்.

அக்டோபரில் அந்தப் பலகையில்தான் அவள் கால் வைத்தாள். பலகை உடையவில்லை, சாய்ந்தது. கீழே சிமெண்ட் தரையில் கிடந்தபடி அவள் பார்த்தது நான்கு வெறும் துளைகளை. ஆணி ஒன்றுகூடத் தரையில் இல்லை. உள்ளூர் மருத்துவர் வெண்டெலோடு மீன்பிடிக்கப் போகிறவர்; அவரிடம் சொல்ல முடியாது. அதனால்தான் டுலூத். அங்கே ஆணியில்லாத அந்தத் துளைகளைப் பற்றி அவள் சொன்னதை மருத்துவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் இன்னொரு முறையும் போனாள்.

இரண்டு தாள்கள் வந்திருக்க வேண்டும். எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. சாலையோரத் தபால் பெட்டியைத் திறப்பவன் வெண்டெல். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. மணி மூன்றே முக்கால். காகித ஆலையில் மூன்று மணிக்கு அவன் வேலை முடியும். கடைக்குப் போய்விட்டு நாலேகாலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவளுடைய கார் நேற்றிலிருந்து டயர் கடையில் நின்றது, பனிக்கால டயர் மாட்ட. அவன்தான் கொண்டுபோய் விட்டான். பக்கத்து வீடு ஒரு மைலுக்கு அப்பால். ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்களின் அடியில் இருட்டு ஏற்கனவே சேர்ந்திருந்தது, வானத்தில் மட்டும் பழைய தகரத்தின் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். குளிர்சாதனப் பெட்டி முனகி நின்றது. அது நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.

அவள் நிலவறைக் கதவைத் திறந்தாள்.

ஈர சிமெண்டும் ஹீட்டரின் எரிந்த தூசியும் கலந்த வாசனை மேலே ஏறி வந்தது. நல்ல கையால் கைப்பிடியை இறுகப் பிடித்து, ஒன்று, இரண்டு, பிறகு மூன்றைத் தாண்டி நான்கு என்று இறங்கினாள். ஹீட்டரின் சின்ன நீலத் தீ தரையில் நடுங்கியது. சுவரில் வெண்டெலின் கருவிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் அதன் உருவம் பென்சிலால் வரைந்திருந்தது, எது எடுக்கப்பட்டாலும் உடனே தெரியும்படி. சுத்தியலின் இடம் காலியாக இருந்தது.

கோப்பு அலமாரியின் மேல் இழுப்பறை சத்தமில்லாமல் வந்தது. எண்ணெய் போட்டிருந்தான். வீடு. டிரக். வரி. மருத்துவம்.

மருத்துவத்தில் முதல் உறையின் தலையில் அவனுடைய அழகான கையெழுத்தில்: 01. அடுத்தது 04. நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளியில், கம்பியில், இரண்டு உறைகள் தொங்கித் தேய்ந்த தடம்.

திருமணத்துக்கு முன் ஒரு நாள், ஏரிக்கரையில் கேட்டாள், “நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஒருத்திகூட மாட்டலையா உங்களுக்கு?” அவன் அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுச் சொன்னான், “உனக்காகத்தான் இடத்தைக் காலியா வெச்சிருந்தேன், ட்ரூட்.” இந்த ஊருக்கு அவன் வந்து ஆறு வருடம்தான். அதற்கு முன் மிஷிகனில், இதே கம்பெனியின் இன்னொரு ஆலை. வேலை மாறவில்லை. எண்ணும் மாறவில்லை.

04-ஐ எடுத்தாள். டுலூத் தாள்கள் இரண்டும் இருந்தன. கத்தியால் நேராகக் கிழித்துப் பிரித்தவை. தேதி வரிசையில். கிளினிக்கின் பெயருக்குக் கீழே பென்சில் கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட மெல்லிய கோடு.

எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஆரஞ்சு உரித்துத் தந்திருக்கிறான்.

உறையைத் திரும்ப வைக்கும்போதுதான் அதற்குப் பின்னால் இன்னொன்று இருப்பதைப் பார்த்தாள். புதிது. மடிப்புக்கூடக் கலையாதது. உள்ளே ஒன்றுமில்லை. தலையில் மட்டும் எழுத்து, இன்னும் பளபளக்கும் கறுப்பு மையில்.

05.

எப்படி மேலே வந்தாள் என்று தெரியவில்லை. சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தாள். அட்டையின் பின்புறத்து எண்ணை அழுத்தினாள். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றது ஓர் இயந்திரக் குரல். பிறகு இசை. பிறகு ஒரு பெண்.

“வணக்கம், நான் ராமோனா. உங்க எண், பிறந்த தேதி சொல்லுங்க.”

சொன்னாள். ஹாகன், ட்ரூடி. பூஜ்யம் நாலு.

“சொல்லுங்க மேடம், என்ன வேணும்?”

“எனக்கு... இதே எண்ணுல பூஜ்யம் ரெண்டு, பூஜ்யம் மூணுன்னு இருந்தவங்க யாருன்னு தெரியணும்.”

“மன்னிக்கணும் மேடம். அது அவங்க சொந்த விவரம். அவங்களே எழுத்துலயோ வாயாலயோ அனுமதி கொடுத்திருந்தா ஒழிய யாருகிட்டயும் சொல்லக் கூடாது.”

“நான் அவரோட மனைவிங்க.”

“யாரா இருந்தாலும். நாளைக்கு ஒருத்தர் போன் பண்ணி உங்களைப் பத்திக் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். உங்க பாதுகாப்புக்குத்தான்.”

மணி நாலு ஐந்து. ட்ரூடி தொலைபேசியின் சுருள் கம்பியை விரலில் சுற்றினாள்.

“அப்போ... என் தாள் எல்லாம் வேற விலாசத்துக்கு...”

“சரி, இதுவும் பழையபடி தனி விலாசத்துக்கா...” என்று ஆரம்பித்த ராமோனா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். தட்டச்சுச் சத்தமும் நின்றது.

“பழையபடின்னா? நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லையே.”

“ஒண்ணுமில்ல மேடம். வேற பக்கத்தைப் பாத்துட்டேன்.”

“எத்தனை பக்கம்?”

ராமோனா வேறு மாதிரியான குரலில் சொன்னாள், “மேடம், உங்க பக்கத்தைப் பத்தி நான் உங்ககிட்ட சொல்லலாம். அது உங்களுது. இதுல ஒரு படிவம் வந்து திருப்பி அனுப்பியிருக்கோம். உங்களைப் பாலிசியிலேர்ந்து எடுக்கச் சொல்லி. தேதி தப்பா இருக்குன்னு கம்ப்யூட்டர் வாங்கிக்கல. போன வாரம் வந்த படிவத்துல இந்த வாரத் தேதி போட்டிருக்கு. இன்னிக்குத் தேதி.”

“எடுக்கவா? என்ன காரணம்?”

“எழுதுனவங்க கட்டம் மாத்தி டிக் பண்ணிட்டாங்க போல.”

“என்ன காரணம், ராமோனா?”

“மரணம்னு இருக்கு.”

அவன் எல்லாவற்றையும் நேரத்துக்கு முன்பே முடிப்பவன்.

சரளைக் கல்லில் டயர் ஏறும் ஒலி. முகப்பு விளக்கு கூரையில் ஒருமுறை நகர்ந்து அணைந்தது. டிரக்கின் கதவு சாத்தப்படும் சத்தம். அவசரமில்லாத காலடிகள்.

“மேடம்? பத்திரமா இருக்கீங்களா? போலீஸுக்குச் சொல்லட்டுமா?”

“வர்றதுக்கு நாப்பது நிமிஷம் ஆகும்” என்றாள் ட்ரூடி. தன் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

பின்கதவு திறந்தது. குளிர் முதலில் வந்தது, பிறகு அறுத்த மரத்தின் பச்சை வாசனை. வெண்டெல் மிதியடியில் பூட்ஸைத் துடைத்தான். இடது. வலது. மறுபடி இடது. அவன் கக்கத்தில் ஒரு பலகை இருந்தது. புதிது. படிக்கட்டின் அளவுக்கு அறுத்தது. இடுப்புப் பட்டையில் சுத்தியல்.

“இன்னிக்கு அந்தப் படியை முடிச்சிடலாம்னு இருக்கேன்” என்றான். “யாரு லைன்ல?”

அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பேசி முடிச்சுக்கோ. பாவம், அவங்களைக் காக்க வைக்காத.”

பலகையைச் சுவரில் அலுங்காமல் சாய்த்தான். அவளைத் தாண்டிப் போய் நிலவறைக் கதவைத் திறந்தான். விளக்கைப் போட்டான். ஹோட்டலில் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அதே போல, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, லேசாகப் புன்னகைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். மஞ்சள் வெளிச்சத்தில் முதல் இரண்டு படிகள் தெரிந்தன. மூன்றாவது தெரியவில்லை.

பூஜ்யம் இரண்டு, பூஜ்யம் மூன்று, அந்த இரண்டு பெண்களும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். இதே வாக்கியத்தை, இதே கம்பெனியிடம். அது பத்திரமாக இருக்கிறது. பூட்டி, எண் போட்டு, யார் கண்ணும் படாமல்.

ட்ரூடி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தாள். மூன்று வாரமாகத் தொண்டையில் கிடந்தது இப்போது குரலாக வந்தது. வெண்டெலைப் பார்த்துக்கொண்டே, சத்தமாக, ஒவ்வொரு சொல்லும் பதிவாகும்படி சொன்னாள்:

“என் தாள் எதையும் இனிமே இந்த வீட்டுக்கு அனுப்பாதீங்க. இங்க எனக்கு ஆபத்து. அப்புறம் இன்னொண்ணும் எழுதிக்கோங்க, ராமோனா. பூஜ்யம் அஞ்சுன்னு ஒருத்தி வருவா. அவ கேட்டா என் பக்கத்தை முழுசாக் காட்டுங்க. நான் அனுமதி கொடுக்கறேன்.”