மிச்சக் காசு

"மிச்சக் காசு பத்திரம்!"

ஜெயகௌரி கணவனிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நிசாந்தன் இருபது பவுண் தாளைச் சட்டைப் பையில் வைத்தான்.

"ஒரு பால் போத்தலுக்கு இவ்வளவு காவலோ?"

"உங்களை எனக்குத் தெரியாதோ?"

சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி.

சனி காலை தொலைபேசி அலறியது!

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரின் ஆற்றங்கரையில்... நிசாந்தனின் உடல்!

நாலாம் நாள் லதீசன் வந்தான். நிசாந்தனோடு சேர்ந்து ஊர்ச்சனத்திடம் மாதாமாதம் காசு சேர்த்துச் சீட்டுப் பிடித்தவன். விசாரிக்க வந்திருந்த டிடெக்டிவ் துஷ்யா மூலையில் குறிப்பேட்டோடு இருந்தாள்.

"சொல்லவே கூசுது, தங்கச்சி... சீட்டுக்காசு நாப்பதாயிரம் பவுணையும் கசினோவில விட்டிட்டான். பிறகு அவங்களிட்டயே கடன் வாங்கி ஆடினவன். வெள்ளி பின்னேரம் நான்தான் வாசலில இறக்கி விட்டனான். உள்ள போனதைக் கண்ணால கண்டனான்! வெக்கத்தில ஆத்தில குதிச்சிட்டான்..."

ஜெயகௌரி அழவில்லை. நாலு நாளாக அழுகை வரவில்லை. பாலில்லாத தேநீர் அவள் முன்னால் ஆறிக் கிடந்தது.

"வீட்டை வித்தாவது தரட்டாம் எண்டு சனம் கேக்குது, தங்கச்சி."

அவள் எழுந்தாள். சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதத்தை உருவினாள்.

"இ... இது என்ன?"

"மூண்டு வருசத்துக்கு முதல் இவர் தன்ர படத்தோட கசினோக்காரருக்கு எழுதிக் குடுத்ததின்ர பிரதி. 'நான் வந்தா உள்ள விடாதேங்கோ' எண்டு. லண்டனில ஒரு கசினோவும் இவரை விடாது, அண்ணை. பாங்க் கார்ட்டும் என்னட்ட. நான் குடுக்கிறது கிழமைக்கு இருபது பவுண். அவ்வளவுதான்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

"ஆடினதை ஊருக்கே சொன்னவர். ஆட்டத்தை விட்டதைச் சொல்லத்தான் வெக்கம்."

லதீசன் போவதற்கு எழுந்தான்.

துஷ்யா குறிப்பேட்டை மூடினாள்.

"இன்னொண்டு, அண்ணை. இந்த நாட்டில கசினோக்காரர் ஆடுறதுக்குக் கடன் குடுக்கேலாது. சட்டம்! செக் குடுத்தா மாத்தித் தருவினம். நாங்கள் விசாரிச்சனாங்கள். காசில்லாமல் திரும்பின செக் மூண்டு..."

நிறுத்தினாள்.

"மூண்டிலயும் உங்கட கையெழுத்து!"



"சும்மா... ஒரு தள்ளுத்தான் தள்ளினனான்..." லதீசனின் குரல் உடைந்தது. "சீட்டுக்காசு எங்க, எங்க எண்டு கத்திக்கொண்டே நிண்டவன்..."

வெளியே நின்ற பொலிஸார் வந்து விலங்கு மாட்டினார்கள். அவன் போனதை ஜெயகௌரி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

துஷ்யா ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள்.

"அக்கா, அவரின்ர சட்டைப் பையில இருந்தது. எண்ணிப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ."

பால் ஒரு பவுண் அறுபத்தைந்து. அது அவளுக்கு மனப்பாடம்.

எண்ணினாள். பதினெட்டுப் பவுண், முப்பத்தைந்து பென்ஸ்.

"சரியா இருக்கே, அக்கா?"

"ஓம். எப்பவும் போல மிச்சம் சரி..."

கையெழுத்து வைத்தாள்.

"பாலைத்தான் காணேல்லை!"