பன்னிரண்டாம் ஆளுக்கு ஏழு மார்க்

"ஐயோ!"

அலறியது மைக் வைக்கிற பெண்.

மேட்ச் முடிந்து மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. மைதானத்துக்கு அடியில் இருந்த பிரஸ் மீட் அறையில், தோற்றுப்போன கோச் வருவதற்குள் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவிடலாம் என்று மேஜையைச் சுற்றிப் போனவள், தரையில் நீட்டிக் கிடந்த ஒரு காலில் இடறினாள்.

காலில் ஷூ. ஷூவுக்கு மேலே பேண்ட். பேண்டுக்கு மேலே...

விசில்!

திங்கட்கிழமைதோறும் பத்திரிகையில் வரும் விளையாட்டுப் பத்தியின் பெயர் 'விசில்'. ஆறு வருஷமாக எழுதி எழுதி, அதுவே அவருடைய பெயராகவும் ஆகிவிட்டது. பின்மண்டையில் அடி. பக்கத்தில் மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகம் ரத்தத்தோடு உருண்டு கிடந்தது.

அலறலைக் கேட்டு வராந்தா நிறைய ஆட்கள் கூடினார்கள்.

பத்தடி தள்ளி டிரஸ்ஸிங் ரூம் கதவு திறந்தது. ஈரத் தலையும் தோளில் துண்டுமாக வெளியே வந்தான் கொம்பன்.

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

கொம்பன் அவனுக்கு அம்மா வைத்த பெயர் இல்லை, விசில் வைத்தது. லைன்ஸ்மேன் ஒருவரைத் தலையால் முட்டினான் என்று எழுதிய அன்று ஒட்டிக்கொண்டது. இன்றைய மேட்சில் ஐம்பத்திரண்டாவது நிமிஷம் அவனுக்கு ரெட் கார்டு. மற்றவர்கள் எல்லாம் மேலே ஆடிக்கொண்டிருக்க, கீழே தனியாக இருந்தவன் அவன் ஒருவன்தான்.

நாற்பது செல்போன்கள் உயர்ந்தன. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண ஒருத்தருக்கும் கை ஒழியவில்லை.

*

இன்ஸ்பெக்டருக்குக் கால்பந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மேட்ச் நாளில் டிராஃபிக் நெரியும் என்பது மட்டும்தான்.

அதற்குமேல் தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கொலைக் கேஸ் தானாகவே வந்து மடியில் உட்கார்ந்தது.

முதலில் சாட்சி. விசிலின் பத்திரிகையிலேயே வேலை பார்க்கும் இன்னொரு நிருபர். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் ஆட்டக்காரர்களுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறவர் என்பதால், எல்லோருக்கும் அவர் வாத்தியார். மேலே பிரஸ் பாக்ஸில் விசிலுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. ரெட் கார்டு விழுந்ததும் விசில் எழுந்து, கொம்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனாராம். தனக்கு மார்க் போடுகிற வேலை, ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, அதனால் நாற்காலியை விட்டு நகரவில்லை என்றார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து கொம்பனின் செல்போன். அதில் விசில் அனுப்பிய சேதி. 'கீழே வரேன். பேசணும்.'

மூன்றாவதாக, ஊரே பார்த்த வீடியோ. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதைக் கொம்பன் முன்னால் ஓடவிட்டார். போன மாத பிரஸ் மீட். விசில் ஏதோ கேட்கிறார். கொம்பன் விரலை நீட்டுகிறான்.

'ஒருநாள் உன்னைக் கொன்னுடுவேன்.'

"உன் வாய்தானே இது?"

"என் வாய்தான் சார். ஆனா முழுசா போடலை. 'ஒருநாள் உன்னைக் கொன்னுடுவேன், சிரிக்க வெச்சே'ன்னு சொன்னேன். ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க. கடைசி ரெண்டு வார்த்தையை வெட்டிட்டாங்க."

"யாரு வெட்டினது?"

"விசிலுக்குத் தெரியும். சொல்றேன்னு சொன்னாரு."

"இனிமே எங்க சொல்றது..." என்றார் இன்ஸ்பெக்டர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

கொம்பன், ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"சார், அவர் எனக்கு எதிரி இல்லை. எனக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான்."

வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொம்பன் நிறுத்தவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்துகொண்டிருந்தவனை விசில் ஒருநாள் திட்டி எழுதினார். அடுத்த மேட்சுக்கு அவனைக் கூச்சல் போட்டு விரட்டவென்றே கூட்டம் வந்தது. கோச் இறக்கிவிட்டார். அவன் கோல் போட்டான். அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் பிராக்டிஸ் மைதானத்துக்குப் பின்னால் விசிலின் காருக்குள் உட்கார்ந்து, அடுத்த திங்கட்கிழமை அவனை எப்படித் திட்டலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே யோசித்தார்கள். நல்ல வசவெல்லாம் கொம்பன் சொன்னது. லைன்ஸ்மேனை முட்டியதுகூட அப்படித்தான். கால் வழுக்கி அவர்மேல் விழுந்ததை இருவரும் சேர்ந்து முட்டலாக்கினார்கள்.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு ஜனங்கள் நிஜமாகவே வெறுத்தார்கள். கையை உயர்த்தினாலே கார்டு. அக்கா மார்க்கெட்டுக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் பேச்சு. போதும், நிறுத்திக்கலாம் என்று கெஞ்சினான். விசிலும் சரி என்றார். இந்தத் திங்கட்கிழமை எல்லா உண்மையையும் எழுதிவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணினார்.

"இதுக்கு யாராவது சாட்சி?"

"அவர்தான் சார் சாட்சி."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "தம்பி, நீ பந்து ஆடறது எப்படின்னு எனக்குத் தெரியாது. கதை நல்லா விடறே."

*

ஞாயிற்றுக்கிழமை காலை. மாற்றுத் துணியோடு ஸ்டேஷனுக்கு வந்தாள் அக்கா.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள். அவனைத் திட்டி வந்த ஒவ்வொரு பேப்பரையும் அவன் கண்ணில் படாமல் மடித்துப் பரணில் போட்டவள். அவன் அதைத் திருட்டுத்தனமாக எடுத்துப் படிப்பதும் அவளுக்குத் தெரியும். கம்பிக்கு வெளியே நின்று துணிப்பையை உள்ளே நீட்டினாள். பிறகு, குனிந்த தலையோடு கேட்டாள்.

"நீ செய்யலைதானே?"

மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் திட்டியபோது வராத அழுகை இப்போது கொம்பனுக்கு வந்தது. இவளுமா? உலகத்தில் ஒரு ஆள்... ஒரே ஒரு ஆள் நம்பினால் போதுமே!

"இல்லைக்கா" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா, நம்ப ஆசைப்பட்டாளா, அவனுக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டரின் மேஜையில் அன்றைய பேப்பர் கிடந்தது. முதல் பக்கம் முழுக்கக் கொம்பனின் முகம். அவன் அதைப் பார்க்கவில்லை.

"சார்... கடைசிப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை தர்றீங்களா?"

"பேப்பரே படிக்கறதில்லைன்னு பேட்டியெல்லாம் குடுப்பே?"

"எல்லா ஆட்டக்காரனும் அப்படித்தான் சார் சொல்லுவான். எழுந்ததும் மார்க்கைப் பார்த்துட்டுத்தான் பல்லே தேய்ப்பான்."

சாகப்போகிறவனின் ஆசை மாதிரி இருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் இரக்கப்பட்டுக் கொடுத்தார். பொடி எழுத்தில் வாத்தியாரின் மார்க் பட்டியல். கொம்பனுக்கு ஒரு மார்க். பழக்கதோஷத்தில் மற்றவர்களுடையதையும் படித்துக்கொண்டே போனவன், சட்டென்று நிமிர்ந்தான்.

"சார், நேத்து நாங்க எத்தனை பேர் ஆடினோம்?"

"என்னைக் கேட்டா?"

"பதினோரு பேர். கோச் ஒரு ஆளைக்கூட மாத்தலை. ஆனா இதுல பன்னெண்டு பேருக்கு மார்க் இருக்கு."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அஞ்சாம் நம்பர், காயத்தால் வெளியேறினார், நான்கு மார்க். அதற்குக் கீழே, முப்பத்திரண்டாம் நம்பர், மாற்று ஆள், தலைக்கட்டோடு துணிச்சலாக ஆடினார், ஏழு மார்க்.

"ரெண்டும் ஒரே ஆள் சார்" என்றான் கொம்பன். "அறுபத்திரண்டாவது நிமிஷம் அஞ்சாம் நம்பருக்கு மண்டை உடைஞ்சுது. சட்டையில ரத்தம் இருந்தா ரெஃப்ரி ஆட விடமாட்டார். சட்டையை மாத்தணும். ஜெர்சிப் பெட்டியைப் பார்த்துக்கற அண்ணன் மூச்சிரைக்க டிரஸ்ஸிங் ரூமுக்கு ஓடி வந்தாரு. நான்தான் பெட்டியைக் கிளறி உபரிச் சட்டையை எடுத்து வீசினேன். முப்பத்திரண்டு. தலையைச் சுத்திக் கட்டு வேற, தூரத்திலேர்ந்து ஆள் தெரியாது."

"சரி, அதனால?"

"மூணு நிமிஷம் ஆட்டமே நின்னுது சார். ஸ்டேடியமே அவன் சட்டை மாத்தறதைப் பார்த்துட்டிருந்துது. ரூம் டிவியில நானும் பார்த்தேன். பார்த்தவன் யாரும் இப்படி எழுத முடியாது."

இன்ஸ்பெக்டர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"நாற்காலியை விட்டு நகரவே இல்லைன்னாரே, வாத்தியார்..."

*

வாத்தியாரைக் காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். மேட்ச் ஞானம் கொஞ்சம் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் பவ்யமாகக் கேட்க, அவர் உற்சாகமாகப் பாடம் எடுத்தார். முப்பத்திரண்டாம் நம்பரைப் பற்றிக் கேட்டதும், புதுப் பையன், நன்றாக வருவான் என்றார்.

"எத்தனாவது நிமிஷம் இறங்கினான் சார்?"

"அறுபது, அறுபத்தஞ்சு இருக்கும்."

"இறங்கினதை நீங்க பார்த்தீங்க?"

"பார்க்காம மார்க் போடுவேனா?"

இன்ஸ்பெக்டர் டிவியைப் போட்டார். அஞ்சாம் நம்பர் தலையில் ரத்தத்தோடு கோட்டுக்கு வெளியே வருகிறார். கட்டுப் போடுகிறார்கள். சட்டையைக் கழற்றி முப்பத்திரண்டை மாட்டிக்கொண்டு, அதே ஆள் உள்ளே ஓடுகிறார்.

வாத்தியார் காபித் தம்ளரை மேஜையில் வைத்தார். நேற்று அவர் கீழேயிருந்து நாற்காலிக்குத் திரும்பி வந்தபோது புது நம்பர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவனைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தெரிந்திருக்கும். கேட்டால், எங்கே போயிருந்தாய் என்று திருப்பிக் கேட்பானே! அந்த ஒரு பயத்தில் கேட்காமல் விட்டார்.

மதியத்துக்குள் விசிலின் லேப்டாப் வாத்தியாருடைய கார் சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. அதன் பிறகு உண்மையும் வந்தது. வீடியோவில் அந்த இரண்டு வார்த்தைகளை வெட்டி ஊருக்கெல்லாம் விட்டது வாத்தியார்தான். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஒரு டிவி அவரைப் பெரிய பதவிக்குக் கூப்பிட்டிருந்தது. புதன்கிழமை சேர வேண்டும். சனிக்கிழமை பிரஸ் பாக்ஸில் விசில் அவர் காதில் குனிந்து, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், மேட்ச் முடிந்ததும் அனுப்பிவிடுவேன், உன் கத்திரிக்கோலும் அதில் இருக்கிறது என்றார். கெஞ்சுவதற்குத்தான் பின்னால் போனேன் என்று அழுதார் வாத்தியார். விசில் சிரித்தாராம். கைக்கு இரும்பு கிடைத்துவிட்டது.

*

சாயங்காலம் கொம்பன் வெளியே வந்தபோது ஸ்டேஷன் வாசலில் கேமராக் கூட்டம்.

முதல்முறையாக அவன் அவர்கள் முன்னால் தானாகவே நின்றான். விசில் தன் சிநேகிதர் என்றான். திட்டியதெல்லாம் சேர்ந்தே எழுதியது என்றான்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செத்தவர் திரும்பி வந்து மறுக்க மாட்டார் என்கிற தைரியமா என்று ஒருவர் கேட்டார். போலீஸுக்கு எவ்வளவு கைமாறியது என்று இன்னொருவர். கொம்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கொலைகாரன் பிடிபட்டுவிட்டான், வாக்குமூலமும் கொடுத்துவிட்டான், அப்படியும் ஒரு முகத்தில்கூட நம்பிக்கை இல்லை.

"நாளைக்குக் காலைல அவரோட பத்தி வரும். ஆபீசுக்கு வந்து சேர்ந்துடுச்சாம். என்னை நம்ப வேணாம். அதைப் படிச்சுட்டுப் பேசுங்க."

அக்கா அவன் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துப் போனாள். அவளும் அந்தப் பத்திக்காகத்தான் காத்திருந்தாள். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

*

திங்கட்கிழமை காலை. வாங்கி வைத்திருந்த செல்போனைத் திருப்பிக் கொடுக்க இன்ஸ்பெக்டரே வீட்டுக்கு வந்தார். கையில் பேப்பர். முகத்தில் தெளிவில்லை.

கடைசிப் பக்கத்தில், கருப்புக் கட்டத்துக்குள் விசிலின் புகைப்படம். 'இறுதிப் பத்தி'. அக்கா வாங்கி, உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

'கொம்பனுக்கு மூளை என்று ஒன்று உண்டு. அது பூட்ஸுக்குள் இருப்பதால் வியர்த்துவிடுகிறது. இவன் ஒருநாள் ஒரு உயிரைக் குடிக்காமல் விடப்போவதில்லை...'

அவள் குரல் நின்றது.

"வேற எதுவும் அனுப்பலையா சார்?" கொம்பன் கேட்டான்.

இல்லை என்று தலையசைத்தார் இன்ஸ்பெக்டர். லேப்டாப்பைத் திறந்து பார்த்தாயிற்று. வேறு பத்தி எதுவும் எழுதப்படவே இல்லை. இதைச் சனிக்கிழமை மத்தியானமே, மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாலேயே விசில் அனுப்பிவிட்டார். கூடவே ஆபீசுக்கு ஒரு குறிப்பு. 'நானே கேட்டாலும் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.'

ஆக, எழுதாத பத்திக்காக ஒருவன் கொலை செய்துவிட்டான். எழுதாத பத்தியை நம்பி இன்னொருவன் ஊருக்கு முன்னால் நின்றுவிட்டான். 'கீழே வரேன், பேசணும்' என்று கிளம்பியவர் மன்னிப்புக் கேட்க வந்தாரா, இன்னொரு பொய் சொல்ல வந்தாரா? அதைக் கேட்க ஆள் இல்லை.

"பூட்ஸுக்குள்ள மூளை..." கொம்பன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அது நான் சொன்னதுக்கா. வியாழக்கிழமை கார்ல. அந்த உயிரைக் குடிக்கிறதும் நான்தான் சொன்னேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அக்கா பேப்பரை மடித்தாள். பரண் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

வெளியே கேமரா வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"சாகப்போறவன் பொய் சொல்ல மாட்டான்னு கோர்ட்டுல ஒரு நம்பிக்கை இருக்கு தம்பி..." என்றார். "அங்க யாரும் கடைசிப் பக்கம் படிக்கறதில்லை போலிருக்கு."