தொட்டியில் ஒரு கட்டி மிச்சம்

பாலம் திறக்க ஒரு நாள் இருந்தபோது, மதியம் மூன்று மணிக்கு, நானும் நித்தீஷும் கடைசி போட்டோ எடுக்க சைட்டுக்குப் போனோம். பாலிடெக்னிக்கில் எங்கள் புராஜெக்டே அந்தப் பாலம்தான். அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து முடியும்வரை கூடவே இருந்து பதிவு செய்ய வேண்டும். ஆரம்பத்தில் மூன்று பேர் இருந்தோம். இப்போது இரண்டு பேர்.

வீரபாண்டியைத் தாண்டி ஓடை. சாயத் தண்ணீர் வாடை, எங்கோ நிட்டிங் மிஷின்களின் இரைச்சல், புதிதாகப் பெயின்ட் அடித்த கைப்பிடிச் சுவர். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நாளையிலிருந்து என் அம்மா வேலைக்குப் போகும் பனியன் கம்பெனி வேன் இந்தப் பாலத்தில்தான் போகும்.

வாட்ச்மேன் வேலுமணி அண்ணன் பாலத்தடி ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, தொட்டியக் காலி பண்ணோணும். உங்க கட்டி ஒண்ணு கெடக்குது பாரு."

"இல்லீங்களேண்ணா, எல்லாத்தையும் ஒடச்சாச்சுங்க," என்றான் நித்தீஷ்.

கட்டி என்றால் கான்கிரீட் கட்டி. ஒவ்வொரு தூணுக்கும் ஊற்றும்போது அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, சதுர இரும்பு அச்சில் ஆறு கட்டிகள் வார்ப்போம். ஈரத்திலேயே ஆணியால் தூண் எண்ணையும் தேதியையும் வார்த்தவர் பெயரின் முதல் எழுத்தையும் கீறுவோம். தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு மிஷினில் நசுக்குவோம். முப்பத்தைந்து காட்டினால் பாஸ். கட்டி தாங்கினால் தூண் தாங்கும் என்று கணக்கு.

ஷெட்டுக்குப் போய்த் தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீருக்கு அடியில் ஒரே ஒரு கட்டி. தூக்கினேன். வழக்கமான எட்டுக் கிலோ கனம்.

தூண் 4. அக்டோபர் 14. சு.

மூலையில் கட்டைவிரல் பதிந்த பள்ளம்.

எங்களில் மூன்றாமவன் சுரேந்தர்தான் அப்படிச் செய்வான். வார்த்து முடித்ததும் மூலையில் ஒரு அழுத்து அழுத்திவிட்டுச் சிரிப்பான்.

அக்டோபர் பதினான்காம் தேதி அவன் மட்டும்தான் சைட்டில் இருந்தான். பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம் என்று நானும் நித்தீஷும் பார்ட் டைம் வேலைக்குப் போயிருந்தோம். சாயங்காலம் போன் செய்தான். "யாழினி, கலவைல தண்ணிய அளவில்லாம ஊத்தறாங்க. நான் கட்டி வார்த்துட்டேன். நீ வந்து பாரு." நாளைக்கு வருகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிரவே, கட்டிகளைத் தொட்டிக்குக் கொண்டுவரத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடையைக் கடந்தவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் அவன் கிடைத்தான். கட்டிகள் கிடைக்கவில்லை.

கட்டி இல்லாமல் ரிப்போர்ட் கிடையாது, ரிப்போர்ட் இல்லாமல் டிப்ளமோ கிடையாது. நவம்பர் ஆறாம் தேதி ஐந்தாம் தூணுக்கு ஊற்றிய கலவையில் கொஞ்சம் எடுத்து, கூடுதலாகச் சிமென்ட்டை அள்ளிப் போட்டுப் பிசைந்து, பன்னிரண்டு அச்சுகள் நிரப்பினோம். ஆறு ஐந்தாம் தூணுக்கு. ஆறு நான்காம் தூணுக்கு, பழைய தேதியில். அதில் 'சு' என்றும் நானே கீறினேன். வெட்கங்கெட்டவள்.

"தூக்கி ஓடைல போட்டுரு," என்று கிசுகிசுத்தான் நித்தீஷ். நான் அசையாததைப் பார்த்து அவனே பிடுங்கி வீசினான். தண்ணீர் தெறித்தது.

திரும்பினோம்.

தொட்டியில் ஒரு கட்டி இருந்தது.

தூண் 4. அக்டோபர் 14. சு.

இந்த முறை அது வெதுவெதுப்பாக இருந்தது. கான்கிரீட் இறுகும்போது சூடாகும். ஆனால் அது வார்த்த அன்றைக்கு. இதற்கோ எட்டு மாதம் ஆகியிருந்தது. பச்சைச் சிமென்ட் வாசனை மூக்கில் ஏறியது. அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்தேன்.

விரல் உள்ளே போயிற்று.

நித்தீஷ் பைக்கை எடுத்துக்கொண்டு போயேவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நான் கட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, விழாப் பந்தலைத் தாண்டி எஞ்சினியர் ஈஸ்வரமூர்த்தி சாரின் அறைக்குப் போனேன். சுரேந்தரின் போனையும் நான்காம் தூணுக்கு நாங்கள் வார்த்த ஆறு பொய்க் கட்டிகளையும் பற்றிச் சொன்னேன். அவர் என் ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் போட்டார்.

"முப்பத்தெட்டுன்னு நீதானம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கற? இப்ப இது என்ன கல்லு?"

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்டார். கட்டைவிரல் முதல் கணுவரை புதைந்தது. ஈரச் சிமென்ட் ஒட்டிய விரலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

நான்காம் தூணைத் துளைத்துச் சோதித்தார்கள். பாதி பலம்கூட இல்லை. என் டிப்ளமோ போயிற்று. அம்மா திட்டித் தீர்த்தாள். உயிரோடு இருந்து திட்டுகிறாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு தூணை மட்டும் பலப்படுத்தி, ஆவணியில் பாலத்தைத் திறந்தார்கள். அன்றிரவுதான் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அம்மா வேலைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் வேலுமணி அண்ணன் போன் செய்தார்.

"கண்ணு, ஷெட்டப் பிரிக்கறோம். தொட்டில சொட்டுத் தண்ணியில்ல. ஆனா ஒண்ணு கெடக்குது. நீ வந்து பாரு."

ஓடினேன். காய்ந்து வெடித்த தொட்டியின் நடுவில், ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கட்டி. மூலையில் கட்டைவிரல் பள்ளம்.

எஞ்சினியரிடம் நான் ஆறு கட்டிகளைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன். பன்னிரண்டிலுமே கூடுதல் சிமென்ட் போட்டோம் என்று சொல்லவில்லை.

தூண் 5. நவம்பர் 6. சு.

அந்தத் தேதியில் சுரேந்தர் இறந்து இருபத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

தலைக்கு மேலே பாலம் லேசாக அதிர்ந்தது. அம்மாவின் கம்பெனி வேன் ஏறிக்கொண்டிருந்தது.