அந்த லேப்டாப்பின் எஜமான்

துப்பறியும் அலுவலகத்தில் அந்தப் பெண் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். கண் மட்டும் கதவை விட்டு அகலவில்லை. அடித்து உதைத்த கணவனிடமிருந்து தப்பி, மாற்றுத்துணியும் லேப்டாப்புமாக அண்ணன் வீட்டில் அடைக்கலம் புகுந்தவள். அந்த லேப்டாப்பில்தான் மொழிபெயர்த்துப் பிழைக்கிறாள். நேற்று கணவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'பச்சைத் திரை நல்லாவே இல்ல. உனக்கு நீலம்தானே பிடிக்கும்?' அவள் அறையில் அண்ணி பச்சைத் திரை மாட்டியதே நேற்றுக் காலையில்தான்.

துப்பறிபவரை எல்லாரும் 'நிதானம்' என்றே கூப்பிடுவார்கள். கூடவே திரியும் அவருடைய மச்சானுக்கோ அந்தச் சரக்கு மருந்துக்கும் கிடையாது. அண்ணிதான் உளவு சொல்கிறாள் என்று உடனே தீர்ப்பே எழுதிவிட்டார்.

நிதானம் லேப்டாப்பைப் பற்றி விசாரித்தார். கணவன் வாங்கித் தந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்த அன்றே, அதிலிருந்த அவன் கணக்குக்கு 'அண்ணன்' என்று பெயர் மாற்றிவிட்டாளாம். அண்ணனும் அதே பழைய கடவுச்சொல்லைப் போட்டு எப்போதாவது பயன்படுத்துவாராம். அவளுக்குத் தனிக்கணக்கு. இரண்டுக்குமே அட்மின் உரிமை, எதையும் சேர்க்கலாம், நீக்கலாம். நேற்று தான் வைக்காத ஏதோ ஒரு மென்பொருள் கண்ணில் பட, நீக்கப் போயிருக்கிறாள். லேப்டாப் தானாக அணைந்து எழுந்தது. மறுபடி முயன்றால், உனக்கு உரிமையில்லை, அட்மினின் கடவுச்சொல் வேண்டும் என்றது.

"அப்போ லேப்டாப் யார்கிட்ட இருந்துச்சு?"

"என் மடியிலதான் சார். நான் எழுந்திருக்கவே இல்ல."

நிதானம் எழுந்துபோய்க் காவல் நிலையத்தோடு வெகுநேரம் போனில் பேசினார். பிறகு மூவரும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள்.

அவளுடைய அறையில், லேப்டாப்பைத் திறந்துவைத்து எல்லாரையும் சுற்றி உட்காரச் சொன்னார். போனில் ஒரு தகவல் வரும்வரை வாயே திறக்கவில்லை. நான் எப்போதாவதுதான் அதைத் தொடுவேன் என்றார் அண்ணன். வீட்டுக்கு வந்தவளை வேவு பார்க்கிற ஜென்மமா நான் என்று அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. ஒரு அட்மினோட உரிமையை இன்னொரு அட்மின்தான் பறிக்க முடியும். மடியில இருக்கும்போதே பறிபோச்சுன்னா, பறிச்சவர் இந்த வீட்டுல இல்ல."

'அண்ணன்' கணக்கின் கோப்புறையைத் திறந்து காட்டினார். அதன்மேல் கணவனின் பெயர் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது.

"பேர்ப்பலகையை மாத்தினீங்க, பூட்டை மாத்தல. அவர் வெச்சிட்டுப்போன மென்பொருள் வழியா இதை அங்கேருந்தே ஓட்டறார். கேமரா, மைக் எல்லாம் அவர் கையில. இப்பவும் நாம பேசறதைக் கேட்டுட்டுத்தான் இருக்கார்."

யார் கையும் படாமல், திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அவள் அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்கிறான் அத்தான், இணைப்பைப் புடுங்குங்க!" என்று மச்சான் பதறினார்.

நிதானம் மைக்குக்குக் கேட்காதபடி மச்சான் காதில் சொன்னார்: "வேண்டாம். அவன் வாசல்ல போலீஸ் நிக்குது. எழுந்திருக்காம இருக்கட்டும்."

அம்புக்குறி ஒரு கோப்பை இழுத்துக்கொண்டு பாதித் திரை கடந்தது. அங்கேயே நின்றுவிட்டது. சற்று நேரத்தில் போன் வந்தது. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்களாம்.

நிதானம் லேப்டாப்பை அணைத்து மூடினார். அவள் அப்போதும் அண்ணியின் காதருகே குனிந்துதான் கேட்டாள்.

"அண்ணி, இனிமே சத்தமாப் பேசலாமா?"

"பேசுடி. கத்தணும்னா கத்து."

அவள் வாய்விட்டு அழுதாள்.