முப்பத்தோராம் நகர்வு

“அவரு யானைக்குப் பயந்துட்டேன்” என்றாள் அமலோற்பவம். விளக்கு எரியவில்லை.

கொய்யாக்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ். அதற்குள் பச்சை வெளிச்சம் வந்தால் அவள் கொழும்புக்குக் கப்பல் ஏறலாம். வராவிட்டால் அவளுடைய தோழி ஷகீலா ஏறுவாள். கோரம்பள்ளம் சதுரங்க மன்றத்தின் செயலாளர் சாமுவேல் சார் அரை நிமிடம் காத்திருந்துவிட்டு, கரும்பலகையில் அவள் பெயருக்கு எதிரே ஒரு சுழியைப் போட்டார்.

“இன்னும் ரெண்டு தடவதாம்மா இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்காமலா இருந்தாள்? இருபத்தோரு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். தோற்ற ஆட்டத்துக்கான காரணத்தைக் கண்டுபிடிக்க மன்றம் கொடுக்கும் கெடு இருபத்தோரு நாள். அதற்குள் மூன்று அமர்வு, அமர்வுக்கு மூன்று வாய்ப்பு. முதல் இரண்டு அமர்விலும் ஆறு காரணம் சொல்லி ஆறிலும் மூக்கறுபட்டாள். இது கடைசி அமர்வு.

மெய்விளக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நெற்றியில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை, அன்றன்று மனம் ஓடிய ஓட்டத்தின் தடத்தை ஒரு சில்லில் பதிந்துவைக்கும். பிறகொரு நாள் விளக்கின் முன்னால் உட்கார்ந்து, ‘இன்ன காரணத்தால் இதைச் செய்தேன்’ என்று வாய்விட்டுச் சொன்னால், சொன்ன காரணமும் தடமும் ஒத்துப்போகிறதா என்று விளக்கு பார்க்கும். ஒத்துப்போனால் எரியும். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்வது சப்பைக்கட்டா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

அது போதுமானதாக இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பட்டை இல்லாமல் வாசல்படி தாண்டுவதில்லை என்று ஆனபிறகு, ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்ற தொடர் அறிவிப்புப் பலகைகளிலிருந்து மூன்றே மாதத்தில் காணாமல் போனது. ‘ஓட்டுநர் தூங்கிவிட்டதால் பேருந்து தாமதம்’ என்று ஒலிபெருக்கி சொன்னது. கல்யாணத்துக்கு வராதவர்கள், உடம்பு சரியில்லை என்பதை விட்டுவிட்டு, வரப் பிடிக்கவில்லை என்று சொல்லப் பழகினார்கள். கேட்டவர்களும் பழகிக்கொண்டார்கள். பழகாத சிலர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

சதுரங்கத்துக்கு இந்த விளக்கு வரமாக வந்து சேர்ந்தது. எது சரியான நகர்வு என்று சொல்லும் இயந்திரங்கள் எப்போதோ வந்து, சட்டைப் பொத்தானுக்குள் அடங்கி, மதிப்பு இழந்துபோயிருந்தன. சரியான நகர்வை அவை சொல்லிவிடும். கண்முன் கிடந்த அந்த நகர்வை நீங்கள் ஏன் ஆடவில்லை என்று அவற்றால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், தோற்றவர். ஆகவே மன்றங்கள் கூடிப் பேசிப் புது விதி செய்தன. வெற்றிக்கு ஒரு புள்ளி. தோற்றவர் உண்மைக் காரணத்தைச் சொல்லி விளக்கை எரியவைத்தால் ஒன்றரைப் புள்ளி. வேண்டுமென்றே தோற்று ஒன்றரையைத் தட்டிக்கொண்டு போகலாமே என்று கெட்டிக்காரர்கள் சிலர் முயன்றார்கள். அவர்களுக்கு உண்மைக் காரணம் ‘தோற்க ஆசைப்பட்டேன்’ என்பதுதான், அதற்கு விதிப்படி சுழி. வேறு எதைச் சொன்னாலும் விளக்கு எரியாது.

இப்படியாக, ஜெயிக்கிறவர்கள் கொஞ்சம் பரிதாபத்துக்குரியவர்களாக ஆனார்கள். கோரம்பள்ளத்தில் அப்படி ஒருவர் பிச்சைக்கனி. விசைப்படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர், எந்நேரமும் விரல் நகத்தில் மசகு ஒட்டியிருக்கும். வாரம் தவறாமல் வருவார், ஜெயிப்பார், டீயைக் குடித்துவிட்டுப் போவார். “பாவம், ஒரு காரணம் சொல்ல வழியில்லாம ஜெயிச்சுட்டே இருக்காவ” என்று மற்றவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். விளக்கின் முன்னால் கண்மூடி உட்கார்ந்து, தன் மனசுக்குள் தானே கைவிட்டுத் துழாவி, ஒரு காரணத்தை வெளியே எடுத்துப் போடும் அந்த நாடகம் அவருக்கு வாய்க்கவே இல்லை.

அமலோற்பவம் தோற்றதும் அவரிடம்தான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவள் அவள். வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருடமாகக் கொழும்புக்கும் அதைத் தாண்டியும் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அனுப்பியிருக்கிறாள். அவள் மட்டும் இதுவரை அந்தத் தண்ணீரைத் தாண்டியதில்லை. மன்றத்திலிருந்து நான்கு பேர் கொழும்பு மன்றத்தோடு ஆடப் போகிறார்கள் என்று அறிவித்தபோது, நாற்பது மீட்டர் உயரத்துக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு ஆசை. மூன்று இடம் முடிவாகிவிட்டது. நான்காவது இடத்துக்கு ஷகீலாவிடம் பன்னிரண்டு புள்ளி, இவளிடம் பதினொன்று. இந்தத் தோல்விக்குக் காரணம் சொன்னால் பன்னிரண்டரை.

ஆட்டத்தை அவள் தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள். முப்பத்தோராம் நகர்வில் அவளுடைய குதிரை ஒரு தாவு தாவியிருந்தால், பிச்சைக்கனியின் ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே சமயத்தில் குறி வைத்திருக்கும். ராஜா விலக வேண்டும், ராணி போய்விடும், ஆட்டம் முடிந்தது. ஆடத் தொடங்கி ஒரு மாதமான பிள்ளைக்குக்கூடக் கண்ணில் படும் தாவல் அது. அவளோ குதிரையைக் கையில் எடுத்து, வந்த வழியே திருப்பிக் கொண்டுபோய், யாரும் சீண்டாத ஒரு சிப்பாய்க்குக் காவலாக வைத்தாள். அடுத்த பன்னிரண்டு நகர்வில் கதை முடிந்தது.

நேரம் போதவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். கடிகாரத்தில் பத்தொன்பது நிமிடம் மிச்சம் இருந்தது, விளக்கு எரியவில்லை. தலைவலி, மகளின் நினைப்பு, பிச்சைக்கனி அண்ணாச்சி மேல் மரியாதை, சிப்பாய் மேல் பாசம், எதுவும் எரியவில்லை. குதிரையின் தாவலைப் பார்க்கவே இல்லை என்றாள். அதற்கும் எரியவில்லை. பார்த்திருக்கிறாள் என்பது மட்டும் அதிலிருந்து தெரிந்தது. இன்று யானைக்குப் பயந்ததும் பொய்யாகிவிட்டது.

“ஜெயிக்கவே பயமா இருந்துச்சு” என்றாள், இரண்டாவது வாய்ப்புக்கு. மனநூல் படிக்கிற உறுப்பினர் ஒருவர் எழுதிக்கொடுத்த காரணம். குமிழ் இருட்டாகவே இருந்தது.

சாமுவேல் சார் டீ இடைவேளை விட்டார். ஆளாளுக்கு அவளைச் சூழ்ந்துகொண்டு வாய்க்கு வந்த காரணங்களைச் சொன்னார்கள். அவள் நன்றாக விளக்கம் சொல்லுவாள் என்று மன்றத்தில் பெயர். போன வருடம் அவள் சொன்ன ஒரு காரணத்துக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியிருந்தார்கள். அந்தக் கைதட்டல் இன்று அவளுக்கு எரிச்சலாக நினைவுக்கு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூலைக்குப் போனாள். அங்கே பிச்சைக்கனி தனியாக உட்கார்ந்து, அதே ஆட்டத்தின் முப்பத்தோராம் நிலையைப் பலகையில் அடுக்கி வைத்திருந்தார்.

“எனக்கு ஒண்ணு கேக்கணும் தங்கச்சி” என்றார் பிச்சைக்கனி. “அன்னைக்குக் குதிரையக் கையில எடுத்துக்கிட்டு ஒரு முழு நிமிசம் நீங்க பலகையவே பாக்கல. ஒதடு மட்டும் அசஞ்சுது. செபம் சொல்லுதியன்னு நெனச்சு நானும் பேசாம இருந்தேன்.”

ஆட்டத்துக்கு நடுவில் செபம் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. பலகையிலிருந்து குதிரையை எடுத்தாள். வெளியே படிக்கட்டில் வந்து நின்று, துறைமுகப் பக்கம் கூரைகளுக்கு மேலே தெரிந்த தன் பாரந்தூக்கியைப் பார்த்தபடி உதட்டை அசைத்துப் பார்த்தாள். மனசு வெறுமையாகத்தான் இருந்தது. உதடுதான் முதலில் ஞாபகப்படுத்திக்கொண்டது. ‘கேளுங்க சார், முப்பத்தொண்ணாவது மூவ்ல என்னாச்சுன்னா...’

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையும் களவுமாகத் தன்னையே பிடித்துவிட்ட வெட்கத்தோடு, அடக்க முடியாத ஒரு சந்தோஷமும் வந்தது. எழுந்து ஓடினாள்.

பட்டையைக் கட்டிக்கொண்டு விளக்கின் முன்னால் அமர்ந்தாள். எதிர் நாற்காலியில் ஷகீலா கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

“குதிரையக் கையில வச்சுக்கிட்டே, ஒருவேளை தோத்துட்டா இந்த வெளக்குகிட்ட என்ன காரணம் சொல்லலாம்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள் அமலோற்பவம். “கத நல்லா வந்துச்சு. கதையில குதிர வீட்டுக்குத் திரும்பிருச்சு. கையும் அதையே செஞ்சிருச்சு.”

விளக்கு எரிந்தது. அந்த மேசையில் இருந்த டீத் தம்ளர்களெல்லாம் பச்சையாயின.

ஒருவரும் கைதட்டவில்லை. சாமுவேல் சார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தோல்வியைப் பற்றி யோசித்தது தோற்க ஆசைப்பட்டதாகுமா என்று அவருக்குச் சந்தேகம். ஆகும் என்று நான்கு பேரும் ஆகாது என்று நான்கு பேரும் வாதாடினார்கள். அமலோற்பவம் பட்டையைக் கழற்றாமலே, அவர்களைப் பார்க்காமல், குமிழைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் தோக்க ஆசைப்படல. ஜெயிக்கத்தான் ஒக்காந்தேன்.”

மறுபடியும் எரிந்தது. சாமுவேல் சார் சுழிகளை அழித்துவிட்டு ஒன்றரை என்று எழுதினார். முதலில் கட்டிப்பிடித்தவள் ஷகீலாதான். கட்டிப்பிடித்த கையோடு, தன்னுடைய பழைய சில்லு ஒன்றை எடுத்துத் தரும்படி கேட்டாள்.

காரணம் அகப்படாமல் கெடு முடிந்த ஆட்டங்களின் சில்லுகளை மன்றத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு இருட்டுப் பெட்டி என்று பெயர். ஏப்ரல் மாதத் தோல்வியின் சில்லைப் பொருத்திக்கொண்டு ஷகீலா அமலோற்பவத்தின் காரணத்தையே தன் வாயால் சொன்னாள். விளக்கு எரிந்தது. அடுத்து மனநூல்காரர். எரிந்தது. அப்புறம் வரிசை கட்டி நின்றார்கள். அன்று வந்திருந்தவர்களின் சில்லுகள் பெட்டிக்குள் பதினேழு இருந்தன. பதினான்கு எரிந்தன. புள்ளி கிடையாது என்று தெரிந்தும், எரிய எரியக் கூச்சலும் சிரிப்புமாக மன்றம் அமளிப்பட்டது. ஆறு வருடமாக எதனால் தோற்றோம் என்று விளக்கிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், விளக்கால்தான் தோற்றிருக்கிறார்கள். சாமுவேல் சார்கூட ஓரமாகத் திரும்பி நின்று தன் சில்லு ஒன்றைச் சோதித்துக்கொண்டார்.

அமலோற்பவம் கொழும்பு போனாள். கப்பல் கிளம்பும்போது மேல்தளத்தில் நின்று தன் பாரந்தூக்கியை முதல்முறையாகக் கடல் பக்கமிருந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் அவ்வளவு பெரிய ஒன்றுக்குள்ளா உட்கார்ந்திருந்தோம் என்று பெருமையாக இருந்தது. கொழும்பு மன்றத்தில் விளக்கு கிடையாது, வெறும் வெற்றியும் தோல்வியும்தான். கதை சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அவள் உதடு அசையவில்லை. மூன்று ஆட்டம் ஆடினாள், மூன்றிலும் ஜெயித்தாள். கடைசி ஆட்டத்தில் ஒரு குதிரை, ராஜாவுக்கும் ராணிக்கும் சேர்த்துக் குறி வைத்து இறங்கியது. கோப்பையைக் கையில் வாங்கியபோது அவளுக்கு வாய்நிறையச் சிரிப்பு.

ஊரில் கதை வேறாக இருந்தது. எந்தத் தோல்விக்கும் ஒரே காரணம் கையில் தயாராக இருந்ததால், ஆட்டத்தின் நடுவே காரணம் தேடுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். பலகையை மட்டும் பார்த்து ஆடினார்கள், ஆறு வருடத்தில் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடினார்கள். தோற்றதும் கவலையில்லாமல் விளக்கின் முன்னால் வந்து உட்கார்ந்து அமலோற்பவத்தின் காரணத்தைச் சொன்னார்கள். எரியவில்லை. எப்படி எரியும், அதுதான் இப்போது உண்மையில்லையே. இருட்டுப் பெட்டி மறுபடி நிரம்பியது.

கோப்பையோடு திரும்பிய சனிக்கிழமை அமலோற்பவம் பிச்சைக்கனியோடு ஆடினாள். அறுபத்திரண்டு நகர்வு. சுற்றிலும் ஆட்கள் தங்கள் பலகைகளை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஐம்பதாம் நகர்வில் அவர் தன் யானையைச் சும்மா கொடுத்தார். அது ஏன் என்று அவளுக்குப் புரிய எட்டு நகர்வு ஆனது, புரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. தோற்றுவிட்டு, இவ்வளவு சந்தோஷமாக எப்போது தோற்றோம் என்று யோசித்துக்கொண்டே விளக்கின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி என்னையவிட நல்லா ஆடுனாவ.”

விளக்கு உடனே எரிந்தது. ஆறு வருடத்தில் இந்தக் காரணத்தை ஒருவரும் சொல்லிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அன்று அவர்கள் தட்டிய கைதட்டல் பிச்சைக்கனிக்கு. மனிதர் கூச்சத்தில் மசகு நகங்களை மறைத்துக்கொண்டார்.

சாமுவேல் சார் கரும்பலகையில் எழுதினார்: பிச்சைக்கனி ஒன்று, அமலோற்பவம் ஒன்றரை. பிச்சைக்கனி அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

“நல்லா ஆடுனவனுக்கு ஒண்ணு, அதச் சொன்னவங்களுக்கு ஒண்ணரையா? அது எதனால சார்?”

மன்றம் முழுவதும் சாமுவேல் சாரைத் திரும்பிப் பார்த்தது. அந்த விதியை எழுதிய குழுவில் அவரும் ஒருவர். அவர் நெற்றிப்பட்டையை மெல்லக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“தவிர்க்க முடியாத காரணங்களால்...” என்று ஆரம்பித்தார்.