எழுபது கட்டுரைகளில் ஒரே துளை

"மூணு மணிக்கு மீட்டிங்மா. நாலு வருஷந்தான்னு எழுதிட்டாங்கன்னா என் பொழப்பு முடிஞ்சுது" என்று நூலகரம்மாவிடம் சொன்னபடி ஒரு பெண் நூலகத்துக்குள் வந்தாள். அவளுடைய தோள்பட்டைத் துணியில் தையல் ஊசி ஒன்று குத்தியிருந்தது.

மூளை ஆராய்ச்சி நிலையத்தில் அவளைப் பெருக்குகிறவள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாகப் பேராசிரியருக்கு எலி மூளைகளை மெல்லிய துண்டுகளாகச் சீவிக் கொடுத்தது தான்தான் என்றாள் அவள். பத்து வருடம் இருந்தால் வேலை நிரந்தரம். பதிவேட்டில் இருந்ததோ நான்கு. பழைய பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டதாம். கரையானுக்கும் கூலிக்காரர்களின் பக்கம்தான் ருசிக்கிறது!

"சீவினது பூரா தான்தான்னு டெக்னீஷியன் எழுதிக் குடுத்துட்டாரு. ப்ரொபசர் ஞாபகமில்லைங்கறாரு."

"சாட்சியே இல்லையாக்கா?" என்று எகிறினான் நூலக உதவியாளன். அவனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர்.

"எலிங்கதான் தம்பி. அதுங்க எங்க வாயத் தொறக்கும்?"

நூலகர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். பேராசிரியரின் விருது விண்ணப்பத்துக்காக அவருடைய கட்டுரைப் பட்டியலை ஒரு மாதமாகத் தொகுத்துவருபவர் அவர்.

"சீவின துண்டு தண்ணியில மிதந்தா இடது எது, வலது எதுன்னு எப்படித் தெரியும்?"

"சீவறதுக்கு முன்னாடியே இடது பக்கம் ஒரு அடையாளம் வச்சிருவேன்ல."

"நடுவுல எப்பவாவது வேலையில இருந்து நின்னீங்களா?"

"பொண்ணு பொறந்தப்ப, எட்டு மாசம்."

"அவ பிறப்புச் சான்றிதழை எடுத்துட்டு வாங்க."

மூன்று மணிக்கு இயக்குநரின் அறையில் பேராசிரியரும் டெக்னீஷியனும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நூலகர் உள்ளே போனார். கட்டுக்கட்டாகக் காகிதங்களைச் சுமந்துகொண்டு அவசரமும் நுழைந்தான்.

"ஒரே கேள்வி சார்" என்று டெக்னீஷியனைப் பார்த்தார் நூலகர். "மூளையில இடது பக்கத்துக்கு எப்படி அடையாளம் வைப்பீங்க?"

டெக்னீஷியன் சிரித்தார். "இது தெரியாதாம்மா? பிளேடால ஓரத்துல ஒரு சின்ன வெட்டு."

"இருபத்திரண்டு வருஷமா அப்படித்தானா?"

"வேற எப்படி?"

நூலகர் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அவள் தோளிலிருந்த ஊசியை உருவி, மேசையில் கிடந்த அழிரப்பரின் இடது பக்கத்தில் நீளவாக்கில் குத்தி வெளியே இழுத்தாள். "இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஒரே துளை. எத்தனை துண்டாச் சீவினாலும் அத்தனையிலயும் இருக்கும். வெட்டுனா ஓரம் கிழியுது சார்."

நூலகர் படங்களைப் பரப்பினார். "இந்த இருபத்திரண்டு வருஷத்துல எழுபத்தோரு கட்டுரை. எழுபதுல ஊசித்துளை. அதுக்கு முந்தி வந்ததுல எல்லாம் பிளேடு வெட்டு."

"மிச்சம் ஒண்ணு?" என்றார் இயக்குநர்.

"அதுல மட்டும் வெட்டு. எந்தெந்த மாசம் சீவினதுன்னு அச்சுலயே இருக்கு. இது இவங்க பொண்ணோட பிறப்புச் சான்றிதழ். தேதியைப் பாருங்க." டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். "அந்த எட்டு மாசம் நீங்க சீவினீங்க. மத்த எல்லாத்தையும் படிச்சுக்கூடப் பாக்கல. 'ஓரம் கிழியாதிருக்க ஊசித்துளை'ன்னு செய்முறைப் பகுதியில ப்ரொபசரே எழுதியிருக்காரு."

டெக்னீஷியன் கைக்குட்டையைத் தேடினார். ஞாபகமில்லாத பேராசிரியருக்கு முகம் வெளுத்தது.

"இன்னொண்ணு சார். இந்த எழுபதையும் உலகத்துல ஒன்பதாயிரம் கட்டுரைங்க மேற்கோள் காட்டியிருக்கு. எதுக்காகன்னு தேடினேன். பாதிக்கு மேல ஆராய்ச்சி முடிவுக்காக இல்ல, இந்தச் சீவற முறைக்காக."

அவசரம் இரண்டாவது கட்டைப் பிரித்தான். எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த படங்கள். எலி, குரங்கு, மனிதன். நீலத்திலும் பொன்னிறத்திலும் சாயமேறி, பூத்த மரங்களைப் போல நரம்புகள். ஒவ்வொன்றின் இடது பக்கத்திலும் புள்ளி போல ஒரு துளை.

அந்தப் பெண் ஒரு படத்தை விரலால் தொட்டாள். "இதெல்லாம் நான் சீவினது இல்லையேம்மா."

"இல்ல. உங்களைப் பாக்காமலே உங்களைப் பாத்துச் சீவினது."

அவள் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் துளையைப் பார்த்தாள்.

பேராசிரியர் எழுந்தார். "அடுத்த கட்டுரையில உன் பேரைப் போடறேன்மா."

"போடுங்க சார், நல்லாப் போடுங்க. அதுக்கு முன்னாடி அந்த ரிஜிஸ்டர்ல போடுங்க."

இயக்குநர் பதிவேட்டை இழுத்து, நான்கு என்றிருந்ததைப் பேனாவால் அடித்தார்.